சீல் கடைக்காரர் பதில்கள்: காட்டுக்குப் போனால் என்ன கொண்டு வரலாம்?

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் எனக்கு வருகிற கடிதங்களின் வாசனையே மாறிவிடுகிறது. போன மாதம் வரை வாடகை அட்வான்ஸ், பட்டா என்று கேட்டவர்கள் இப்போது யானை, மான் என்கிறார்கள். பிராட்வே பக்கத்துச் சந்தில் முப்பத்திநாலு வருஷம் ரப்பர் ஸ்டாம்ப் செய்து விற்றவனுக்குக் காட்டைப் பற்றி என்ன தெரியும் என்று வீட்டில் சிரிக்கிறார்கள். மே மாதத்தில் ராயபுரத்து ஓட்டு வீட்டில் பிள்ளைகளை வைத்துப் பாருங்கள், யாருக்கும் காட்டு ஆசை வரும். வருஷா வருஷம் ஐந்து நாள் ஷட்டரை இறக்கிவிட்டு மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு எங்காவது மரம் இருக்கிற இடத்துக்குப் போய்விடுவேன். சொல்வதெல்லாம் அந்தக் கணக்கில்தான்.

கேள்வி: முதுமலைக்குப் போகிறோம். பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்குப் பத்து. மாமியார் பேரன் கழுத்தில் கட்ட புலி நகம் வாங்கி வரச் சொல்கிறார். பெண்ணுக்கு மான் கொம்பு வேண்டுமாம். எது வாங்கலாம், எங்கே வாங்கலாம்?
– இல்லத்தரசி, தண்டையார்பேட்டை

பதில்: தங்கச்சி, மாமியாரிடம் முதலில் என் கதையைச் சொல்லுங்கள். 1994-ல் மலை இறங்குகிற வழியில் ஒரு பெட்டிக்கடைக்காரர், துணியில் சுருட்டி வைத்திருந்ததை ரகசியமாகப் பிரித்துக் காட்டினார். "ஒரிஜினல் சார், எங்க பாட்டன் காலத்துது." இருநூறு ரூபாய். மூத்தவனுக்கு அப்போது அடிக்கடி காய்ச்சல் வரும். புலி நகம் கட்டினால் பயம் தெளியும் என்று என் அம்மா வேறு சொல்லிக்கொண்டே இருந்தார். வாங்கிவிட்டேன்.

ஊர் வந்து சேர்ந்ததும் சந்தேகம் தட்டியது. கடையில் ரப்பரை வேக வைக்கிற சூட்டுத் தகடு இருக்கிறதே, நுனியை அதில் லேசாக வைத்தேன். நகம் என்றால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வரவேண்டும். வந்தது பிளாஸ்டிக் சீப்பு உருகுகிற நாற்றம். புலியின் நுனி கொழுக்கட்டை மூக்கு மாதிரி தொங்கிப் போச்சு. தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து மாடியிலிருந்த வக்கீல் குமாஸ்தா சொன்னார்: "பொய்யாப் போச்சேன்னு சந்தோஷப்படுய்யா. நெசமா இருந்தா நீ உள்ள."

அவர் சொன்னது சரி. 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புலி நகம், பல், மான் கொம்பு, தந்தம் எதையும் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. "தானாகத்தானே உதிர்ந்து கிடந்தது" என்று கொம்பை எடுத்து வந்தாலும் குற்றம்தான். பெண்ணுக்கு இதைச் சட்டமாகச் சொன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள், கதையாகச் சொல்லுங்கள். புள்ளிமான் கிடா வருஷத்துக்கு ஒருமுறை கொம்பை உதிர்த்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்ளும். கீழே விழுந்த கொம்பை முள்ளம்பன்றி வந்து கொறிக்கும், சுண்ணாம்புச் சத்துக்காக. அதன் முறுக்கை நாம் பையில் போட்டுக்கொண்டு வந்தால் அது என்ன செய்யும்?

மயிலிறகுக்கு மட்டும் சட்டத்தில் கொஞ்சம் சலுகை உண்டு. தானாக உதிர்ந்த தோகையை ஊருக்குள் வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் பூங்காவுக்குள் கிடக்கிறதைத் தொட வேண்டாம். அங்கே கிடக்கிற கூழாங்கல் வரைக்கும் அந்த இடத்துக்குச் சொந்தம்.

சரி, காசு கொடுத்து வாங்க நல்லது என்ன இருக்கிறது? உண்ணிச்செடிக் குச்சியில் செய்த யானை. சிவப்பும் மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாகப் பூக்குமே, நம் ஊர் ரயில் தண்டவாளத்து ஓரத்திலும் இருக்கும், அதே செடி. வெள்ளைக்காரன் அழகுக்காகக் கொண்டு வந்து வைத்தது, இன்றைக்குக் காட்டில் புல்லை முளைக்கவிடாமல் மூடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குச்சியை வெட்டி, வேக வைத்து, தோலுரித்து, வளைத்து அங்குள்ள பழங்குடி மக்கள் நாற்காலி செய்கிறார்கள், யானை செய்கிறார்கள், ஆள் உயர யானை உட்பட. நமக்குக் கையடக்கமானது போதும். இந்தப் பொருளை எத்தனை வாங்கினாலும் காட்டுக்கு லாபம்தான்.

ஊட்டிப் பக்கம் போனால் தோடர் பூத்தையல் பாருங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பு, கறுப்பு நூல், இழையை எண்ணி எண்ணிப் போடுகிற தையல். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சால்வை விலை கையைக் கடிக்கும், சின்னப் பர்ஸ் கிடைக்கும். துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அச்சடித்த நகல் அங்கே பல்லைக் காட்டிவிடும். மலைத்தேன் வாங்கினால் மூடியை இறுக்கி, புடவைக்குள் சுற்றாமல் தனியாக வையுங்கள். இதை நான் எப்படிக் கற்றேன் என்று கேட்காதீர்கள்.

வாங்கக் கூடாதது, யானை தொங்குகிற பிளாஸ்டிக் சாவிக்கொத்து. அது நம் காசிச்செட்டித் தெருவில் டஜன் கணக்கில் கட்டி மலையேறிப் போன சரக்கு. நீங்கள் தண்டையார்பேட்டையிலிருந்து போய் அதைத் திரும்ப அழைத்து வருகிறீர்கள், அவ்வளவுதான்.

வாங்குவதை விட்டுப் பார்ப்பதற்கு வருவோம். தெப்பக்காடு யானை முகாமில் காலையும் மாலையும் யானைகளுக்குச் சாப்பாடு கொடுக்கிற நேரம் பொதுமக்கள் நின்று பார்க்கலாம். கேழ்வரகு, கொள்ளு, அரிசி வேக வைத்து வெல்லம், உப்பு சேர்த்துச் செங்கல் கனத்துக்குக் கவளம் பிடித்து வைத்திருப்பார்கள். பாகனும் உதவிக்கு இருக்கிற காவடியும் அதை வாய்க்குள் நேராக வைப்பார்கள். என் மகள் அன்றைக்குத்தான் வீட்டில் கேழ்வரகுக் களியை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டாள்.

வனத்துறை வேனில் போகும்போது பிள்ளைகள் புலி புலி என்று அரிப்பார்கள். வராது. என் இரண்டாமவன் புலி வரவில்லை என்று மசினகுடி வரை அழுதான். அடுத்த வருஷம் தம்போலா அட்டை செய்தேன். ஒன்பது கட்டம்: மயில், புள்ளிமான், கருமந்தி, காட்டுக்கோழி, காட்டெருமை, கரையான் புற்று, யானைச் சாணம், மரத்தில் நகக் கீறல், கடைசியில் புலி. பார்த்தால் பென்சிலால் ஒரு கோடு. கத்தக் கூடாது, கத்தினால் அந்தக் கட்டம் ரத்து. யானைச் சாணத்துக்கு ஒரு குடும்பம் இவ்வளவு சந்தோஷப்பட்டு டிரைவர் பார்த்திருக்க மாட்டார்.

நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், 2024 மே மாதத்திலிருந்து கேட்கிறார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் செக்போஸ்ட்டிலேயே பிடுங்கப்படும், எவர்சில்வர் கூஜா தூக்குங்கள்.

கேள்வி: கிண்டிக்குக் கூட்டிப் போனால் அரை மணியில் "போர் அடிக்குது" என்கிறான் மகன்.
– அப்பா, வண்ணாரப்பேட்டை

பதில்: உங்களுக்கு வாசலிலேயே மெட்ரோ, ஏறி உட்கார்ந்தால் கிண்டி. அங்கிருந்து ஆட்டோ. செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், விடுமுறை. 1978-ல் தேசியப் பூங்கா ஆனது, மூன்று சதுர கிலோமீட்டர்கூடக் கிடையாது, ஊருக்கு நடுவில் ஒரு துண்டுக் காடு. நமக்குத் திறந்திருப்பது ஓரத்தில் இருக்கிற சிறுவர் பூங்கா.

மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள்: அண்ணாந்து பார்க்காமல் மான் தலையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். புள்ளிமான் கொம்பு கிளை கிளையாகப் பிரியும், உதிர்ந்து முளைக்கும். வெளிமான் கிடாவின் கொம்பு திருகு ஆணி மாதிரி முறுக்கிக்கொண்டு போகும், கிளை இல்லை, ஆயுசுக்கும் உதிராது. எத்தனை முறுக்கு என்று எண்ணி நோட்டில் வரையச் சொல்லுங்கள். எண்ணி முடிப்பதற்குள் மான் நகரும், மறுபடி முதலிலிருந்து. நேரம் போவது தெரியாது. பக்கத்திலேயே பாம்புப் பண்ணை. அங்கே போர் அடித்தது என்று சொன்ன பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

கேள்வி: அமெரிக்காவில் மகன் வீட்டுக்கு ஜூனில் போகிறேன். யெல்லோஸ்டோன் கூட்டிப் போவார்களாம். பேரன் ஏதோ "ஜூனியர் ரேஞ்சர்" பேட்ஜ் வாங்க வேண்டும் என்று குதிக்கிறான். எனக்கு முட்டி வலி. நான் அங்கே என்ன செய்வது? பூஜை அறைக்கு ஒரு கல் எடுத்து வரலாமா?
– பாட்டி, பெரம்பூர்

பதில்: அம்மா, உங்கள் கடிதம் என் தொழிலைத் தொட்டுவிட்டது. அந்த நாட்டுத் தேசியப் பூங்காக்களுக்கு என்றே ஒரு பாஸ்போர்ட் புத்தகம் உண்டு, 1986-லிருந்து விற்கிறார்கள். எந்தப் பூங்காவுக்குப் போனாலும் தகவல் மையத்தில் ஒரு மேஜை மேல் ரப்பர் ஸ்டாம்பும் மைப்பெட்டியும் இருக்கும். நாமே எடுத்துக் குத்திக்கொள்ளலாம், காசில்லை. என் தங்கை மகள் தன் புத்தகத்தைக் கொண்டு வந்து காட்டினாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். வட்ட சீல், மேலே வளைவாகப் பூங்கா பெயர், கீழே ஊர், நடுவில் தேதி. எழுத்து பிசிறில்லை. ஒன்றில் மட்டும் மாதச் சக்கரம் பாதியில் நின்று மே மாதமும் ஜூன் மாதமும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தது. நம் ரேஷன் கடை சீலுக்கும் இதே வியாதிதான், மனசு நிறைந்துவிட்டது. ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: அவசரத்தில் உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டிக் குத்திக்கொள்ளாதீர்கள். ஏர்போர்ட்டில் பதில் சொல்லி மாளாது.

ஜூனியர் ரேஞ்சர் என்பது பிள்ளைகளுக்கான வேலைப் புத்தகம். கால்தடம் எது யாருடையது, எந்தப் பறவையைப் பார்த்தாய் என்று கேள்விகள் இருக்கும். எழுதி முடித்து வனக் காவலரிடம் கொடுத்தால் அவர் திருத்திப் பார்த்து, வலது கையைத் தூக்கச் சொல்லி உறுதிமொழி வாங்கி, பேட்ஜ் குத்துவார். பெரியவர்களும் செய்யலாம் அம்மா. பேரனோடு நீங்களும் ஒன்று வாங்கி எழுதுங்கள். பென்சில் பிடிக்க முட்டி வேண்டாம்.

யெல்லோஸ்டோன் 1872-ல் அறிவித்தது, உலகத்தின் முதல் தேசியப் பூங்கா. அங்கே ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்று ஒரு வெந்நீர் ஊற்று. சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளுயரம், பனையுயரம் தாண்டிப் பீச்சும். அடுத்தது எப்போது என்று எழுதியே வைத்திருப்பார்கள், சுற்றி உட்காரப் பெஞ்சு. உங்களுக்கென்றே கட்டினது மாதிரி. பேரன் ஏன் பீச்சுகிறது என்று கேட்டால் குக்கரைச் சொல்லுங்கள்: அடியில் பூமிச் சூடு, மேலே தண்ணீரின் பாரம் மூடி, நடுவில் குறுகலான குழாய், கொதி தாங்காதபோது விசில். மரப்பலகைப் பாதையை விட்டுக் காலை வைக்கவே கூடாது, பக்கத்து மண் மேலோடு மெல்லிசு, உள்ளே கொதிநீர். காட்டெருமைக்கு 25 கஜம் தள்ளி நிற்க வேண்டும், கரடிக்கும் ஓநாய்க்கும் 100 கஜம். நம் கணக்கில் எருமைக்கு இரண்டு மாநகரப் பேருந்து, கரடிக்கு எட்டு.

கல் கேட்டீர்களே. அரிசோனாவில் மரங்கள் கல்லாகிப் போன ஒரு பூங்கா இருக்கிறது, 20 கோடி வருஷத்துக்கும் பழைய மரங்கள். வருகிறவர்கள் பாக்கெட்டில் ஒரு சில்லைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று கெட்டது நடக்க, பயந்துபோய்ப் பார்சலில் திருப்பி அனுப்புவார்கள், மன்னிப்புக் கடிதத்தோடு. எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாததால் பூங்காக்காரர்களால் அதைத் திரும்பக் காட்டில் போடவும் முடியவில்லை, ஆராய்ச்சி குழம்பிவிடும். ஓரமாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். மனசாட்சிக் குவியல் என்று அதற்குப் பெயர். பெரம்பூரிலிருந்து பார்சல் செலவு அதிகம் அம்மா, கல் வேண்டாம்.

கேள்வி: ராமேஸ்வரம் போகிறோம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவிலிருந்து பவளம், சங்கு எடுத்து வரலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: காசிமேட்டுக்காரர் கடல் பொருளை ராமேஸ்வரத்தில் வாங்குவதா? பவளம் செத்ததானாலும் தொடக் கூடாது, 2001-லிருந்து பவளப்பாறை வகைகள் எல்லாம் வன உயிரினச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. கடல்குதிரை, கடல் அட்டையும் அப்படியே. கடையில் பளபளப்பாக அடுக்கி வைத்திருக்கிற பெரிய சிப்பி வகை சிலதும் தடை. எது எது என்று கடைக்காரரிடம் கேட்டால் எல்லாம் ஓகே என்றுதான் சொல்வார். பூங்கா என்பது 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும். கண்ணாடி அடிப் படகு ஓடினால் ஏறிப் பாருங்கள். பிள்ளைகள் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள், நாம் வாந்தி வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: எங்களுக்கு லீவே ஒரு நாள்தான். ஐந்து பேர். ஊட்டியெல்லாம் கட்டாது. பக்கத்தில் ஏதாவது?
– ஆட்டோ ஓட்டுநர், கொருக்குப்பேட்டை

பதில்: தம்பி, கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறுங்கள். பொன்னேரியில் இறங்கி பஸ். பழவேற்காடு. தேசியப் பூங்கா இல்லை, பறவைகள் சரணாலயம், இருக்கட்டும். இந்த வெயிலில் வேண்டாம், பனிக்காலத்தில் போனால் பூநாரைகள் நிற்கும். தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் கவிழ்த்துச் சாப்பிடுகிற பறவை. அது தின்கிற தீனியால்தான் அந்த ரோஸ் நிறமே வருகிறது, குஞ்சுகள் அழுக்கு வெள்ளையாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுங்கள். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் விரல் அகலத்துக்குள் எத்தனை பறவை மறைகிறது? அப்படி எத்தனை விரல் அந்தக் கூட்டம்? பெருக்கு. மூன்று பிள்ளைகளும் மூன்று விடை சொல்வார்கள், திரும்பி வரும் ரயில் முழுக்கச் சண்டை ஓடும். ஊரில் பெண்கள் பனையோலையில் கூடையும் பெட்டியும் பின்னுகிறார்கள், ஒன்று வாங்குங்கள், வீட்டில் வெங்காயம் போட ஆகும். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் யார் கூப்பிட்டாலும் ஏறாதீர்கள். அங்கே படகு கவிழ்ந்து குடும்பம் குடும்பமாக உயிர் போயிருக்கிறது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிற மாதிரி முத்திரைப் புத்தகம் எனக்கும் வேணும். இங்கே எங்கே கிடைக்கும் தாத்தா?
– ஏழாம் வகுப்பு மாணவி, வியாசர்பாடி

பதில்: கண்ணு, கடையில் தேடாதே, செய்துவிடலாம். ஆண்டர்சன் தெருவில் கோடு போடாத தடித்த நோட்டு ஒன்று வாங்கிக்கொள். பெரிய வெள்ளை அழிரப்பர் இரண்டு. ஊதா மைப்பெட்டி ஒன்று.

முதல் சீலுக்கு மான் குளம்பை வரை. பாதாம் பருப்பை நீளமாகப் பிளந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி இருக்கும். ஏன் குளம்பு என்கிறேன் தெரியுமா? சீலில் எல்லாம் இடம் வலமாக மாறி விழும். குளம்பு இரண்டு பக்கமும் ஒன்றுபோல, தப்பு தெரியாது. முப்பத்திநாலு வருஷம் எழுத்தைத் திருப்பித் திருப்பியே படித்த நான், பேத்திக்காக முதல் தடவை அழிரப்பரில் "கிண்டி" என்று நேராகச் செதுக்கித் தொலைத்தேன். கண்ணாடியில் காட்டிப் படிக்க வேண்டியதாகிவிட்டது.

படத்தைக் காகிதத்தில் மெத்துப் பென்சிலால் அழுத்தி வரைந்து, அழிரப்பர் மேல் கவிழ்த்து நகத்தால் தேய். படம் அதில் இறங்கிவிடும். வெட்டுகிற வேலையை அப்பாவிடமோ அம்மாவிடமோ கொடு, நீ பக்கத்தில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார். கத்தியைச் சாய்த்துப் பிடிக்கச் சொல். கோட்டின் அடி அகலமாகவும் தலை ஒடுக்கமாகவும், மலை மாதிரி நிற்க வேண்டும். அடியைக் குடைந்து வெட்டினால் நாலாவது குத்தில் மானுக்குக் கால் போய்விடும். மையில் முக்காதே, தட்டு. காகிதத்தில் வைத்து நேராக அழுத்தித் தூக்கு, உருட்டினால் இரட்டையாக விழும்.

இரண்டாவது அழிரப்பருக்குப் பூனைத் தடம். அதற்குக் காடே வேண்டாம். எங்கள் தெருவில் சிமெண்ட் போட்ட அன்றைக்கு ராத்திரியே ஒரு பூனையும் ஒரு நாயும் நடந்து போயிருக்கின்றன. உன் தெருவிலும் இருக்கும், தேடு. காகிதத்தை மேலே வைத்துக் கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்த்தால் தடம் எழும்பும். நாய்க்கு நக நுனி புள்ளி புள்ளியாகத் தெரியும், பூனைக்குத் தெரியாது, நடக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். புலியும் பூனை ஜாதிதான். அந்தக் காலத்தில் புலிகளைக் கணக்கெடுத்ததே காலடித் தடத்தில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றித்தான். இப்போது மரத்தில் கேமரா கட்டி வரியை வைத்து ஆளை அடையாளம் காண்கிறார்கள்.

இன்னொன்று. எந்த ஊருக்குப் போனாலும் தபால் ஆபீஸில் ஐம்பது காசுக்கு ஒரு கார்டு வாங்கு. அன்றைக்குப் பார்த்ததை எழுதி உன் பெயருக்கே போடு. அந்த ஊர் தபால் முத்திரை, அன்றைய தேதியோடு, அரசாங்கமே குத்தி உன் வீட்டுக்கு அனுப்பி வைக்கும். சில சுற்றுலா ஊர்களில் படத்தோடு முத்திரைகூட இருக்கும், கவுண்டரில் கேட்டுப் பார். என் மகள் பத்து வயதில் முதுமலைப் பயணத்தில் போட்ட கார்டு நாங்கள் ராயபுரம் வந்து ஆறு நாள் கழித்து வந்தது. முத்திரையில் மை அதிகமாகி ஊர்ப் பெயர் பாதி அழிந்திருந்தது. போஸ்ட்மேன் கார்டை அவளிடம் நீட்டி, "அந்தச் சாப்பிடாத யானை அப்புறம் சாப்பிட்டுதா பாப்பா?" என்று கேட்டார்.